அறுவை மருத்துவரின் தொடர் தகுதி: புள்ளிக் கணக்கா, மக்களின் பாதுகாப்பா?

(மருத்துவத் துறையில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மருத்துவர்களின் பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறையை நாம் ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்ற கேள்வி நமது அரங்கங்களில் மீண்டும் மீண்டும் எழுகிறது. மருத்துவர்களிடையே பணியாற்றும் தோழர்கள், ஏற்கெனவே வேலைப்பளுவில் நசுங்கிக்கொண்டிருப்பவர் மீது இது இன்னொரு சுமை என்கின்றனர். மக்கள் அரங்கங்களில் பணியாற்றும் தோழர்களோ, கனரக வாகனம் ஓட்டுபவர்கூடக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டியிருக்க, மனித உடலைத் திறந்து மூடுபவரின் தகுதியை ஒரு முறை பார்த்தால் வாழ்நாள் முழுவதற்கும் போதுமா என்று கேட்கின்றனர். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் கூட்டிப் பாதியாகப் பிரித்தால் ஒரு நிலைப்பாடு கிடைத்துவிடாது. தகுதி என்று எதை அளக்கிறோம், யார் அளக்கிறார்கள், அதற்கான செலவையும் நேரத்தையும் யார் ஏற்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால்தான் நமது நிலைப்பாடு தெளிவாகும்.

மருத்துவத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் இது பொருந்தும் என்றாலும், இன்று அறுவை மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே அறிவு மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும். தவறு நேர்ந்தால் அது உடனடியாக ஓர் உடலில் பதிகிறது. எனவே பிரச்சினை அங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இன்றுள்ள முறை

அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் நடத்தை விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்றன. மகாராஷ்டிரா, தில்லி போன்ற மாநிலங்களின் மருத்துவ மன்றங்கள் இதைப் பதிவுப் புதுப்பித்தலோடு இணைத்தன. பல மாநிலங்களில் அது ஏட்டளவிலேயே நின்றது. கவுன்சில் கலைக்கப்பட்டு, 2019 சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அந்த ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய விதிகளை அறிவித்தது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பித்தல், அதற்கு 30 மதிப்புப் புள்ளிகள், மருந்து நிறுவனங்களின் நிதியில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்கத் தடை, மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுதும் கட்டாயம் ஆகியவை அவற்றில் இருந்தன. மருத்துவர் சங்கமும் மருந்து உற்பத்தியாளர் அமைப்பும் எதிர்த்தன. மூன்றே வாரங்களில், ஆகஸ்ட் 23 அன்று, விதிகள் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டன.

நிறுத்தப்பட்டதில் நல்லதும் இருந்தது, போதாததும் இருந்தது. நிறுவனங்களின் நிதிக்கு விதிக்கப்பட்ட தடை நல்லது. அது போனது மருந்து முதலாளிகளுக்குக் கிடைத்த வெற்றி. போதாதது எது? 30 புள்ளிகள் என்ற கணக்கு. அரங்கில் உட்கார்ந்து உரை கேட்டால் புள்ளி கிடைக்கும். அந்த மருத்துவரின் கையை யாரும் பார்ப்பதில்லை. அவர் செய்த அறுவைகளில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேரை மீண்டும் மேசைக்குக் கொண்டுவர நேர்ந்தது, எத்தனை பேருக்கு அந்த அறுவையே தேவையில்லாமல் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாண்டு முடிவில் அவரிடம் வருகைச் சான்றிதழ்கள் சேர்ந்திருக்கும். அவரது நோயாளிகள் முன்னைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பது அவருக்கும் தெரியாது, மன்றத்திற்கும் தெரியாது.

கற்பிப்பவர் யார்?

அரசு கற்பிக்காத இடத்தில் சந்தை கற்பிக்கிறது. மாநாட்டு அரங்கின் வாடகை, பேச்சாளரின் பயணம், மதிய உணவு என எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மருந்து நிறுவனமோ கருவி நிறுவனமோ நிற்பது நமக்குப் புதிதல்ல. மருத்துவர்களுக்கு நிறுவனங்கள் தரும் பரிசுகளையும் பயணச் சலுகைகளையும் வணிகச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்தச் செலவு இறுதியில் மருந்தின் விலையாக நோயாளியின் தலையிலேயே விழுகிறது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை நெறி, வெளிநாட்டில் கல்வி நிகழ்ச்சி நடத்துவதைத் தடுக்கிறது. ஆனால் உள்நாட்டில் நிறுவனங்களின் நிதி நுழையும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.

அறுவை மருத்துவத்தில் இந்தச் சார்பு மேலும் ஆழமானது. புதிய தையல் கருவி, புதிய வலை, புதிய மூட்டு, இப்போது ரோபோ என ஒவ்வொன்றையும் பயன்படுத்தக் கற்றுத்தருவது பெரும்பாலும் அதை விற்பவர்தான். ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமம் அதை 2010 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. அதன் குறையை வெளிக்கொணர்ந்ததில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து நாடுகளின் தேசிய மூட்டுப் பதிவேடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த மூட்டு, எந்த நோயாளிக்கு, எத்தனை ஆண்டுகளில் பழுதானது என்ற கணக்கு அந்தப் பதிவேடுகளில் இருந்தது. அப்படியொரு கட்டாயப் பதிவேடு இங்கே இல்லாததால், பொருத்திய மருத்துவருக்கே உண்மை தாமதமாகத்தான் தெரிய வந்தது. விற்பவரே ஆசிரியராக இருக்கும்போது, சரக்கின் குறை பாடத்திட்டத்தில் இடம்பெறாது.

எண்ணிக்கை என்னும் ஆபத்து

சிலர், சான்றிதழ்களை எண்ணுவதற்குப் பதிலாக அறுவைகளை எண்ணலாம், அதிகம் செய்தவர் தேர்ந்தவர் என்று கொள்ளலாம் என்கின்றனர். பயிற்சி திறனை வளர்க்கிறது என்பது உண்மையே. ஆனால் எண்ணிக்கையே அளவுகோலானால் என்ன நடக்கும் என்பதைச் சத்தீஸ்கர் காட்டியது.

2014 நவம்பர் 8 அன்று பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் நடந்த கருத்தடை முகாமில், ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை செய்தார். அரசின் வழிகாட்டுதல்படி ஒரு நாளில் ஒருவர் 30-க்கு மேல் செய்யலாகாது. அந்த முகாமிலும் இரு நாள் கழித்து நடந்த முகாமிலுமாகச் சிகிச்சை பெற்றவர்களில் 13 பெண்கள் இறந்தனர். தலித்துகள், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட சாதியினர், கூலி வேலை செய்து பிழைப்பவர்கள் அவர்கள். காரணம் மாத்திரையில் கலந்த நஞ்சா, கிருமித் தொற்றா என்ற சர்ச்சை எழுந்தது. ஆனால் முகாம் நடத்தப்பட்ட விதம் எந்தத் தரத்திற்கும் உட்பட்டதல்ல என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. அந்த மருத்துவர், 50,000 கருத்தடை அறுவைகள் செய்ததற்காக முன்னரே மாநில அரசால் பாராட்டப்பெற்றவர். அரசே அவரது தகுதியை அளந்தது. அளந்த கோல் எண்ணிக்கை. மரணங்களுக்குப் பின் அந்த அரசு தன் கோலைக் குற்றம் சொல்லவில்லை, தனிமனிதரைக் கைது செய்தது. கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

எண்ணிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடம் 2019-இல் நடத்தப்பட்ட அரசுக் கணக்கெடுப்பில், விசாரிக்கப்பட்ட சுமார் 82,000 பேரில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது தெரிய வந்தது. அந்த அறுவைகளைச் செய்தவர்களில் கைத்திறன் மிக்கவர்களும் இருந்திருப்பார்கள். தேவையற்ற அறுவையைத் திறமையாகச் செய்வதற்குப் பெயர் தகுதியா? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் 47.4 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதம். இந்த இடைவெளி முழுவதையும் உடற்கூறு காரணங்களால் விளக்கிவிட முடியாது. ஆகவே, அறுவை எப்படிச் செய்யப்பட்டது என்பதோடு, அது ஏன் செய்யப்பட்டது என்பதையும் கேட்கும் மதிப்பீடே மக்களுக்கான மதிப்பீடாகும்.

தேர்வு வைத்தால் தீருமா?

அமெரிக்காவில் அறுவை மருத்துவ வாரியம், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தி வந்த பெரிய தேர்வைக் கைவிட்டு, 2018 முதல் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை 40 வினாக்கள் கொண்ட, புத்தகம் பார்த்து எழுதும் மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மனப்பாடத்தைவிட இது மேல். எனினும் வினாத்தாள் அளப்பது அறிவைத்தான். கையை அது அளப்பதில்லை.

நமது நாட்டில் தேர்வு என்றவுடன் என்ன முளைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். கோச்சிங் நிலையம் முளைக்கும். இளநிலைக்கு நீட் கோச்சிங், முதுநிலைக்கு நீட் கோச்சிங், இனி உரிமம் புதுப்பிக்க ஒரு கோச்சிங் என்று சந்தை விரியும். தேர்வின் புனிதம் பேசுவோருக்கு 2023 செப்டம்பரை நினைவூட்ட வேண்டும். தனியார் கல்லூரிகளில் காலியாகக் கிடந்த முதுநிலை இடங்களை நிரப்ப, நீட் முதுநிலைத் தகுதி அளவை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் சதமானமாகக் குறைத்தது இதே ஒன்றிய அரசு. தகுதி, தகுதி என்று முழங்கி மாநில உரிமைகளைப் பறித்தவர்கள், கட்டணம் கட்ட ஆள் வேண்டும் என்றபோது தகுதியைக் கைகழுவினார்கள்.

மேசையருகே நிற்கும் பயிற்சியாளர்

பயிற்சி என்ற சொல்லைக் கோச்சிங் நிலையங்களிடமிருந்து மீட்டாக வேண்டும். அறுவை அரங்கில் அதற்கு வேறு பொருள் உண்டு.

2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஆய்வு வெளியானது. உடல்பருமனுக்கான அறுவை செய்யும் 20 மருத்துவர்கள், தாங்கள் செய்த அறுவையின் ஒளிப்பதிவை ஒப்படைத்தனர். செய்தவர் யார் என்று அறியாத சக மருத்துவர்கள் அதைப் பார்த்துக் கைத்திறனுக்கு மதிப்பெண் இட்டனர். திறனில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. முதல் கால்பகுதியினரின் நோயாளிகளில் அது 5.2 சதவீதம். அனைவரும் தேர்ச்சியும் பதிவும் பெற்றவர்கள். சான்றிதழ் மறைத்த வேறுபாட்டைச் சக மருத்துவரின் கண் கண்டுகொண்டது.

கண்டுகொண்ட பின் என்ன செய்வது? வெளியேற்றுவதா, கற்பிப்பதா? புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, பல ஆண்டு அனுபவத்திற்குப் பின் ஓய்வுபெற்ற தம் ஆசிரியரை அழைத்துத் தம் அறுவை அரங்கில் நின்று கவனிக்கச் சொன்னதை 2011-இல் எழுதினார். முழங்கை உயர்ந்துவிடுவது, விளக்கின் ஒளி காயத்திலிருந்து விலகியதைக் கவனியாதது என ஆசிரியர் சுட்டியவை சிறியவை. ஆனால் அவற்றைத் தாமாகக் காண அவரால் முடியவில்லை. பாடகரும் விளையாட்டு வீரரும் இறுதிவரை பயிற்சியாளரை வைத்துக்கொள்கின்றனர். அறுவை மருத்துவர் மட்டும் பட்டம் பெற்ற நாளோடு தனித்து விடப்படுகிறார்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் கோட்மன், ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துப் பார்த்து, அறுவையின் இறுதி விளைவைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாதிட்டார். 1911 முதல் 1916 வரை தம் சிறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 337 பேரில் 123 தவறுகள் நேர்ந்ததை அவரே அச்சிட்டு வெளியிட்டார். செல்வந்தர்களிடம் பணம் கறக்கும் மருத்துவத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்து 1915-இல் ஒரு கூட்டத்தில் வெளியிட்டதற்காகச் சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்தார். விளைவை அளப்பது இலாபத்தை அளப்பவர்களுக்கு என்றும் பிடித்ததில்லை.

நேரம் என்பது கூலியின் கேள்வி

இங்குதான் நமது வர்க்கப் பார்வை தேவைப்படுகிறது. பயிற்சியாளர் மேசையருகே நிற்க வேண்டுமானால், அவருக்கும் கற்பவருக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்திற்கு ஊதியம் வேண்டும்.

பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய அறுவையில் நேர்ந்த மரணங்கள் குறித்த விசாரணை அறிக்கை 2001-இல் பிரிட்டனை உலுக்கியது. 2012 டிசம்பரில் ஐந்தாண்டு மறுஉறுதி முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், இங்கிலாந்தின் மூத்த மருத்துவரது வாரப் பணியின் பத்து அமர்வுகளில் இரண்டரை அமர்வு கற்றல், கற்பித்தல், தணிக்கை ஆகியவற்றுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதாவது கற்பதும் வேலைநேரம். அந்த நேரத்தையும் வெட்ட நிர்வாகங்கள் முயல்கின்றன, மருத்துவர் சங்கங்கள் காத்து நிற்கின்றன. அது வேறு போராட்டம்.

நமது நிலையைப் பாருங்கள். உறைவிட மருத்துவருக்கு வாரத்திற்கு 48 மணி நேரம் என்று 1992-ஆம் ஆண்டு மத்தியத் திட்டம் கூறியது. எந்த மருத்துவமனையில் அது நடைமுறையில் இருக்கிறது? 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புறச் சமூக சுகாதார மையங்களில் தேவைப்படும் அறுவை மருத்துவர்களில் 83 சதவீதம் பேர் இல்லை. ஒருவர் மட்டும் இருக்கும் மருத்துவமனையில் அவரைக் கவனித்துத் திருத்த யார் இருக்கிறார்கள்? அவர் மாநாட்டுக்குச் சென்றால் அன்று குடல்வால் வெடித்து வருபவரை யார் பார்ப்பது? அவர் சொந்தச் செலவில், விடுப்பு எடுத்து, பெருநகர விடுதி ஒன்றில் 30 புள்ளிகளைத் திரட்ட வேண்டும் என்பது, அரசு தன் கடமையைத் தொழிலாளியின் தலையில் இறக்கிவைக்கும் செயலேயன்றி வேறல்ல. மருத்துவர்களிடையே பணியாற்றும் தோழர்களின் எதிர்ப்பில் உள்ள நியாயம் இதுவே.

ஆனால் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, மதிப்பீடே வேண்டாம் என்று நாம் சொல்லலாகாது. கார்ப்பரேட் மருத்துவமனையில் வசதி படைத்தவர் நான்கு பேரிடம் விசாரித்து அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிறார். முகாமுக்கு அழைத்து வரப்பட்ட பெண்ணுக்கு அந்தத் தேர்வு கிடையாது. மதிப்பீடு இல்லாமையின் விலையைக் கொடுப்பது நமது வர்க்கம்.

கேரளம் காட்டிய வழி

அச்சமின்றி மதிப்பிடவும் கற்கவும் முடியும் என்பதற்குச் சான்று நமது நாட்டிலேயே உண்டு. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பும் மாநில அரசும் இணைந்து 2004 முதல் தாய் மரணங்களை இரகசிய முறையில் ஆய்வு செய்கின்றன. ஒவ்வொரு மரணத்தின் மருத்துவப் பதிவும், தாயின் பெயரும் மருத்துவரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் நீக்கப்பட்டு ஆய்வுக்குச் செல்கிறது. யார் தவறு செய்தார் என்று கேட்பதில்லை. எங்கே தவறியது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று கேட்கிறார்கள். பிரசவத்திற்குப் பிந்தைய இரத்தப்போக்கு முதன்மைக் காரணமாக வெளிப்பட்டது. அதையொட்டித் தர நெறிகள் வகுக்கப்பட்டன. மருத்துவருக்கும் செவிலியருக்கும் அவசரநிலைப் பயிற்சி, பொம்மைகளின் மீது செய்துபார்க்கும் ஒத்திகை ஆகியவை தொடர்ந்தன. 2004-06-இல் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 95 ஆக இருந்த கேரளத்தின் தாய் மரண விகிதம் 2018-20-இல் 19 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் அகில இந்திய விகிதம் 97.

இந்த வீழ்ச்சிக்கு ஆய்வு ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. பெண் கல்வியும், வலுவான பொது சுகாதார அமைப்பும், உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வழங்கலும் அடித்தளம். ஆனால் அந்த அடித்தளத்தின் மீது நின்று, தங்கள் தவறுகளைத் தாங்களே ஆராய்ந்த மருத்துவர்களின் பங்கை மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறானது தண்டனையை மட்டும் நம்பும் வழி. மருத்துவ அலட்சியத்தால் நேரும் மரணத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. அப்பட்டமான அலட்சியத்திற்குத் தண்டனை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வழக்குக்கும், மருத்துவமனை வாசலில் விழும் அடிக்கும் அஞ்சும் மருத்துவர் தவறை மறைப்பார். மறைத்த தவறு திரும்பவும் நேரும். மருத்துவர் மீதான தாக்குதலை நாம் கண்டிப்பது, அது தொழிலாளி மீதான தாக்குதல் என்பதால் மட்டுமல்ல. அது நோயாளியின் பாதுகாப்பையும் குலைக்கிறது.

அறுவை அரங்கில் கூட்டுப் பொறுப்பு என்ன செய்யும் என்பதையும் அறிவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. 2009-இல் வெளியான முடிவுகளின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதில் செவிலியருக்கும் மயக்க மருத்துவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அறுவை மருத்துவர் தனி அரசர் அல்லர், ஒரு குழுவின் உறுப்பினர் என்பதே அந்தப் பட்டியலின் சாரம். செவிலியரை ஒப்பந்தத் தொழிலாளியாக வைத்துக்கொண்டு, அவர் துணிந்து கேள்வி கேட்பார் என்று எதிர்பார்க்கலாகாது. ஒப்பந்த முறை ஒழிப்பும் அறுவைப் பாதுகாப்பும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

நமது மரபு

கனடாவின் கம்யூனிஸ்ட் அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் சீனப் போர்முனையில் அறுவை செய்ததோடு நிற்கவில்லை. விவசாயப் பின்னணி கொண்ட இளைஞர்களுக்கு அறுவைப் பணிகளைக் கற்பித்தார், கையேடுகள் எழுதினார். அறுவையின்போது விரலில் ஏற்பட்ட காயத்தால் இரத்தம் நஞ்சாகி 1939 நவம்பரில் மறைந்தார். அவர் பெயரிலான மருத்துவமனைக்குத் தலைமையேற்ற சோலாப்பூரின் துவாரகாநாத் கோட்னிஸும் அறுவை செய்தவாறே கற்பித்தார். 1942-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்த அவர், அதே ஆண்டு டிசம்பரில், 32 வயதில் மறைந்தார். அவர்களைப் பொறுத்தவரை கற்பித்தல் என்பது அறுவைப் பணியின் ஒரு பகுதி. தன் திறனைச் சொத்தாகப் பூட்டிவைக்காமல் அடுத்தவர் கைக்கு மாற்றுவதே அந்த மரபு.

நமது கோரிக்கைகள்

மேற்கண்டவற்றிலிருந்து நமது நிலைப்பாட்டை இவ்வாறு தொகுக்கலாம்.

1. அறுவை மருத்துவரின் தொடர் மதிப்பீட்டை ஆதரிக்கிறோம். அது வருகைப் புள்ளிகளின் அடிப்படையில் அல்லாமல், அறுவையின் தேவை, செயல்முறை, விளைவு ஆகியவற்றின் அடிப்படையில் அமைய வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அதற்கு உட்பட வேண்டும்.

2. பயிற்சியும் மதிப்பீடும் ஊதியத்துடன் கூடிய வேலைநேரமாக அங்கீகரிக்கப்பட வேண்டும். மாவட்ட மருத்துவமனை அறுவை மருத்துவர் பயிற்சிக்குச் செல்லும் நாள்களில் மாற்று மருத்துவரை அனுப்புவது அரசின் பொறுப்பு.

3. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியும் தன் சுற்றுவட்ட மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்குப் பயிற்சியாளர்களை அனுப்ப வேண்டும். ஓய்வுபெற்ற மூத்த அறுவை மருத்துவர்களை இதில் ஈடுபடுத்தலாம்.

4. மருந்து, கருவி நிறுவனங்களின் நிதி தொடர் கல்வியிலிருந்து முற்றாக விலக்கப்பட வேண்டும். 2023-இல் நிறுத்தப்பட்ட தடையை மீண்டும் கொண்டுவர வேண்டும். அரசு தன் நிதியை ஒதுக்க வேண்டும்.

5. உடலில் பொருத்தப்படும் கருவிகளுக்குக் கட்டாயத் தேசியப் பதிவேடு வேண்டும்.

6. கற்பதற்கான இரகசிய ஆய்வும், நோயாளியின் புகாரை விசாரிக்கும் அமைப்பும் தனித்தனியே இயங்க வேண்டும். முன்னதில் மருத்துவருக்குப் பாதுகாப்பு, பின்னதில் நோயாளிக்கு நீதி. புகார் விசாரணையில் மருத்துவரல்லாத மக்கள் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

7. இவற்றை நடத்தும் அதிகாரம் மாநில மருத்துவ மன்றங்களிடம், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுடன் இருக்க வேண்டும். பழைய கவுன்சிலின் தலைவரே 2010-இல் லஞ்ச வழக்கில் கைதானார். அதைக் காரணம் காட்டிக் கொண்டுவரப்பட்டது ஆணையம். 2025-இல் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் கைமாறியதாக அதே ஆணையத்தோடு தொடர்புடையவர்கள் மீதும் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அதிகாரத்தை தில்லியில் குவிப்பது ஊழலுக்கு மருந்தல்ல என்பது இதிலிருந்து புலனாகிறது.

தோழர்களே, இக்கோரிக்கைகளை இரு இடங்களுக்கும் நாம் கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவர் சங்கங்களில், மதிப்பீட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம், அதற்கான நேரத்தையும் நிதியையும் பயிற்சியாளரையும் உரிமையாகக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். மக்கள் கூட்டங்களில், தவறு செய்த மருத்துவரை அடிப்பதால் அடுத்த தவறு நிற்காது, அவரைத் தனியாக விட்ட அரசை நோக்கிக் கேள்வி கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். முதலாவது பேச்சு சில மருத்துவ நண்பர்களுக்குக் கசக்கும். இரண்டாவது பேச்சு, உறவினரை இழந்து நிற்கும் குடும்பத்தின் முன் எளிதல்ல. இரண்டையும் பேசக்கூடிய அமைப்பு நம்மிடம் இருக்கிறது. மருத்துவரும் செவிலியரும் விவசாயத் தொழிலாளியும் ஒரே கிளையில் உட்காரக்கூடிய கட்சி இது. அந்தக் கிளைகளில் இந்த விவாதத்தைத் தொடங்குங்கள். உங்கள் மாவட்ட மருத்துவமனையில் எத்தனை அறுவை மருத்துவர் பணியிடங்கள் காலியாக உள்ளன, கடந்த ஐந்தாண்டுகளில் அவர்களுக்கு அரசு எத்தனை நாள் பயிற்சி அளித்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுங்கள். கிடைக்கும் விடைகளைத் தொகுத்து அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து நமது அடுத்த கட்டப் பணியைத் திட்டமிடுவோம்.